ஃபிக்ஸ்டு கியர் ரிக்கம்பன்ட் சைக்கிள்: கட்டி ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி ஓட்டும் சாய்வு சைக்கிளுக்கு ரிக்கம்பன்ட் என்று பெயர். ஃபிக்ஸ்டு கியர் என்றால் ஃப்ரீவீல், அதாவது பெடல் நின்றாலும் சக்கரத்தைத் தனியே சுழலவிடும் பாகம், கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும், காலை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு போக முடியாது. இந்த இரண்டையும் ஒரே வண்டியில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கால் தாங்குமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். கால் சில வாரங்களில் பழகிவிடும். வண்டி நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதைத் தீர்மானிப்பது செயினின் கீழ்ப்பக்கம். எந்த ரிக்கம்பன்ட்டைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அந்தக் கீழ்ச் செயின் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இப்படி ஒரு வண்டியைக் கடையில் ஆயத்தமாகப் பார்ப்பது ஏன் அரிது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஃபிக்ஸ்டு கியரின் தாய்வீடு வட்டப்பாதை மைதானம். 1933 ஜூலை 7 அன்று பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர், சார்லஸ் மோஷே வடிவமைத்த வெலோகார் என்ற சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914 முதல் ஆஸ்கர் எக் வைத்திருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை உடைந்தது. 1934இல் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு பந்தய சைக்கிளின் வடிவத்துக்கு இலக்கணம் வகுத்து, சாய்வு சைக்கிள்களை வெளியே தள்ளியது. ஃபிக்ஸ்டு கியர் வளர்ந்த மைதானத்தில் ரிக்கம்பன்ட்டுக்கு இடமில்லாமல் போனது. அதனால் இரண்டும் சேர்ந்த வண்டி வேண்டுமென்றால் பெரும்பாலும் நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கு இது தேவையா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமதளம், நிறுத்தங்கள் குறைவு, தினமும் ஒரே பாதை: இந்த மூன்றும் இருந்தால் இந்த வண்டி அருமையான துணை. ஏற்ற இறக்கமான ஊர், ஐம்பது அடிக்கு ஒரு சிக்னல் என்றால் வேண்டாம்.

நிமிர்ந்து ஓட்டும் ஃபிக்ஸ்டு சைக்கிளில் ஏற்றம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்து உடல் எடை முழுவதையும் பெடலில் இறக்கலாம். சாய்வு சைக்கிளில் எழ முடியாது. முதுகுச் சாய்மானத்தில் ஊன்றிக் காலால் பலமாகத் தள்ளலாம். ஆனால் வேகம் குறையக் குறைய வண்டி தள்ளாடத் தொடங்கும். மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கீழே போனால் என்னால் நேர்கோட்டில் வைத்திருக்க முடிவதில்லை.

இறக்கத்தில் நிலைமை தலைகீழ். சாய்ந்த உடல் காற்றைக் குறைவாக எதிர்ப்பதால் ரிக்கம்பன்ட் இறக்கத்தில் பறக்கும். அந்த வேகத்துக்குக் காலால் ஈடுகொடுத்துச் சுற்ற முடியாது. அதாவது இந்த வடிவம் தரும் மிகப் பெரிய பரிசை இறக்கத்தில் பிரேக் பிடித்தே கரைக்க வேண்டியிருக்கும். இதை மனத்தில் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டும்.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? சமதளத்தில் சீரான ஓட்டம். கியர் மாற்றும் பாகங்கள் எதுவும் இல்லாத எளிமை. மெதுவாகப் போகும்போது பிரேக்கைத் தொடாமலே வேகத்தை நூல் பிடித்ததுபோலக் கட்டுப்படுத்தும் வசதி. அப்புறம், நிமிர்ந்த ஃபிக்ஸ்டு சைக்கிள்காரர்களுக்கு இருக்கும் ஒரு தொல்லை இங்கே ஏறக்குறைய இல்லை. அவர்கள் வளைவில் சாயும்போது சுழலும் பெடல் தரையில் இடிக்கும். பெரும்பாலான குட்டை ரிக்கம்பன்ட்களில் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, சுழலும் அச்சு உயரத்தில் இருப்பதால் அந்தப் பயம் கிடையாது.

முதல் படி: சட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள சட்டத்தை எடுக்காதீர்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கை மேலும் கீழும் ஆடும்போது செயினுக்குத் தேவையான நீளமும் மாறும். சாதாரண வண்டியில் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும். ஃபிக்ஸ்டு வண்டியில் அந்த டென்ஷனரை வைக்கவே முடியாது. வேகத்தைக் குறைக்க நீங்கள் பெடலின் சுழற்சியை எதிர்த்துப் பின்வாங்கி அழுத்திய அடுத்த நொடி கீழ்ச் செயின் இறுகி அதை இழுத்து வளைத்துவிடும்.

மடக்கும் சட்டமும் வேண்டாம். செயினை முறுக்கி முன்சக்கரத்தை ஓட்டும் வடிவமும் வேண்டாம். கிராங்க்கும் ஹேண்டில்பாரும் சேர்ந்தே திரும்பும் முன்சக்கர வண்டிகளில் செயின் குட்டையாக, நேராக இருக்கும். ஃபிக்ஸ்டுக்கு அது வசதிதான். ஆனால் பெடலில் தரும் ஒவ்வொரு அழுத்தமும் ஹேண்டிலை இழுக்கும், கால் ஓய்வதே இல்லை என்பதால் அந்த இழுப்பும் ஓயாது. அந்த வடிவத்தில் ஏற்கெனவே நன்றாகக் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும் அது சரி.

எஞ்சியவற்றில் செயின் நேராக, அல்லது கிட்டத்தட்ட நேராக ஓடும் சட்டமே நல்லது. கிராங்க்கிலிருந்து பின்சக்கரம் வரை சீட்டுக்குக் கீழே வழி மறிக்காத வண்டி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, குதிகால் இடிக்கிறதா என்று பாருங்கள். குட்டையான ரிக்கம்பன்ட்களில் கிராங்க் முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். கூர்மையாகத் திருப்பும்போது சக்கரம் குதிகால் பக்கம் வரும். ஃப்ரீவீல் வண்டியில் அந்தக் கணம் காலை ஒதுக்கி நிறுத்திக்கொள்ளலாம். ஃபிக்ஸ்டில் கால் நிற்காது. சுழன்று வந்து டயரில் இடிக்கும், அல்லது ஹேண்டிலைத் தட்டிவிடும். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து, யாரையாவது ஹேண்டிலைத் திருப்பச் சொல்லிக் கிராங்க்கைச் சுற்றிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் இடிக்கிறதோ அதைவிடக் கூர்மையாக இனி ஓட்டிக்கொண்டே திரும்ப முடியாது என்று அர்த்தம். 150 அல்லது 155 மில்லிமீட்டர் குட்டைக் கிராங்க் போட்டால் இப்படி இடிப்பது குறையும். வேகமாகச் சுற்றவும் அது உதவும். நான் இந்த மாற்றத்தை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

மூன்று சக்கர ரிக்கம்பன்ட்டுக்கு ஃபிக்ஸ்டு போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். விழும் பயமில்லை, ஏற்றத்தில் நடை வேகத்திலும் நகரலாம். செயின் சிக்கல் மட்டும் அதேதான்.

இரண்டாம் படி: கியர் கணக்கு

ஒரே கியர்தான் என்பதால் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போடுங்கள். கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்பதுதான் நமக்கு வேண்டிய எண். முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரச் சுற்றளவால் பெருக்கினால் போதும். சாலை சைக்கிள்களில் வரும் பெரிய 700சி சக்கரத்தில் மெல்லிய டயர் போட்டால் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், 20 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 1.5 மீட்டர்.

முன்னால் 44, பின்னால் 18 என்றால் ஒரு சுற்றுக்கு 5.1 மீட்டர். 42க்கு 20 என்றால் 4.4 மீட்டர். பின்சக்கரம் 20 அங்குலமாக இருந்தால் 5 மீட்டரைத் தொடவே 53க்கு 16 தேவைப்படும்.

5 மீட்டர் கியரில், நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றினால் மணிக்கு 27 கிலோமீட்டர். 130 சுற்றில் 39 கிலோமீட்டர். பலருக்கு அதற்குமேல் கால் தாறுமாறாகும். ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டரில் போனால் 40 சுற்று. மூட்டில் அழுத்தம் தெரியத் தொடங்கும் இடம் அது. நிமிர்ந்த ஃபிக்ஸ்டில் 5.6 மீட்டர், 6 மீட்டர் கியரில் ஓட்டிப் பழகியவர்கள் அதே கியரை இங்கேயும் போட ஆசைப்படுவார்கள். எழுந்து நிற்க முடியாத வண்டி இது. 4.5க்கும் 5க்கும் இடையில் தொடங்குங்கள்.

ஒரே கியர் போதாது, ஆனால் கால் ஓயாமல் சுழல வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் எஸ்3எக்ஸ் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) இருக்கிறது. அது மூன்று கியர் கொண்ட ஃபிக்ஸ்டு ஹப். மேல் கியர் நேரடி. அடுத்தது அதில் 75 சதவீதம். கீழ் கியர் 62.5 சதவீதம். 6 மீட்டரில் அமைத்தால் 4.5 மீட்டரும் 3.75 மீட்டரும் கூடவே கிடைக்கும். முன்னே அழுத்துவதிலிருந்து பின்வாங்குவதற்கு மாறும்போது உள்ளே சிறு தொய்வு தெரியும். சுத்தமான ஃபிக்ஸ்டின் இறுக்கம் அதில் இருக்காது. ஆனாலும் மேடு பள்ளம் உள்ள பாதையில் சாய்வு சைக்கிளை ஃபிக்ஸ்டாக ஓட்ட நியாயமான வழி இதுதான் என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: ஹப்பும் பின் பல்சக்கரமும்

ஃபிக்ஸ்டு ஹப்பில் இரண்டு அடுக்கு மரை இருக்கும். பல்சக்கரம் வழக்கமான வலச்சுற்று மரையில் ஏறும். அதை அழுத்திப் பிடிக்கும் லாக் ரிங் இடச்சுற்று மரையில் ஏறும். நீங்கள் பெடலைப் பின்வாங்கும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். எதிர்த் திசை மரையில் இருக்கும் லாக் ரிங் அதை விடாது. லாக் ரிங் மரை இல்லாத பழைய ஃப்ரீவீல் ஹப்பிலும் ஃபிக்ஸ்டு பல்சக்கரம் ஏறிவிடும், பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். பின்வாங்கி அழுத்திய ஒரு நாள் அது கழன்று சுற்றும். அந்த ஹப்பை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது.

மரையில் கிரீஸ் தடவி, பல்சக்கரத்தைச் செயின் விப்பால் (துண்டுச் செயின் பொருத்திய சாவி) நன்றாக இறுக்கி, லாக் ரிங்கை அதன் கொக்கிச் சாவியால் இறுக்குங்கள். ஓர் ஏற்றம் ஏறிவிட்டு வந்து லாக் ரிங்கை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அநேகமாக இன்னும் கொஞ்சம் போகும்.

அகலத்தைக் கவனியுங்கள். வட்டப்பாதை ஹப்பின் அகலம் 120 மில்லிமீட்டர். ரிக்கம்பன்ட் சட்டங்கள் பெரும்பாலும் 135. நீளமான அச்சு போட்டு இருபுறமும் 7.5 மில்லிமீட்டர் இடைவளையம் வைக்கலாம், அல்லது அந்த அகலத்திலேயே செய்த ஃபிக்ஸ்டு ஹப்பைத் தேடலாம். இன்னொரு வழி, டிஸ்க் பிரேக் ஹப்பின் ஆறு போல்ட் தளத்தில் பல்சக்கரத்தைப் பூட்டுவது. சக்கரத்தைத் திருப்பிப் போட்டு டிஸ்க் பக்கத்தைச் செயின் பக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கழலும் பயமே இல்லாத உறுதியான வழி. ஆனால் டிஸ்க் பிரேக்குக்கு இடம் போய்விடும். சட்டத்தில் சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் வைக்க வழி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் ஃபிக்ஸ்டு, மறுபக்கம் ஃப்ரீவீல் என இருபக்கமும் பல்சக்கரம் ஏறும் ஹப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். முதல் சில வாரம் ஃப்ரீவீல் பக்கம் ஓட்டிக் கியரும் செயின் பாதையும் சரியாக இருக்கின்றனவா என்று தெரிந்துகொண்டு, பிறகு சக்கரத்தைத் திருப்பிப் போடலாம்.

நான்காம் படி: செயின் பாதை

இனி அந்தக் கீழ்ச் செயின். சாதாரண ரிக்கம்பன்ட்டில் மேல்பக்கச் செயின் மட்டுமே விசையைச் சுமக்கும். அது சீட்டுக்குக் கீழே வளைய வேண்டியிருந்தால், பல் உள்ள உறுதியான ஐட்லர் உருளை ஒன்று அங்கே தாங்கும். கீழ்ப்பக்கம் வெறுமனே திரும்பி வரும் செயின். அதைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டிருப்பார்கள், அல்லது சின்ன உருளை ஒன்றில் தொங்கவிட்டிருப்பார்கள். விசையே இல்லாத இடத்துக்கு அது போதும்.

ஃபிக்ஸ்டில் நீங்கள் பின்வாங்கி அழுத்தும்போது விசை முழுவதும் கீழ்ச் செயினுக்கு மாறுகிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெடலில் 40 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறீர்கள். கிராங்க் 165 மில்லிமீட்டர். 44 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 89 மில்லிமீட்டர். செயினில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ 74 கிலோ. அந்தச் செயின் ஒரு உருளையில் 20 டிகிரி வளைந்து போனால் உருளையின் மீது 26 கிலோ அழுத்தம் விழும். பிளாஸ்டிக் குழாயைப் பிடித்திருக்கும் சின்னக் கிளிப் இதைத் தாங்காது. குழாய் நெளியும், செயின் நேராக நிற்கப் பார்த்துத் துள்ளும், கடைசியில் பல்லிலிருந்து இறங்கும்.

ஃப்ரீவீல் வண்டியில் செயின் இறங்கினால் கை அழுக்காகும், அவ்வளவுதான். ஃபிக்ஸ்டில் இறங்கிய செயின் ஹப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிப் பின்சக்கரத்தையே பூட்டிவிடலாம். அதே நொடி காலும் நின்றுவிடும். ஓடும் வேகத்தில் இது நடக்கக் கூடாது.

ஆகவே குழாய்களைக் கழற்றிவிடுங்கள். கீழ்ச் செயின் எதையும் தொடாமல் நேராகப் போனால் மிக நல்லது. வளைந்தே ஆக வேண்டும் என்றால் மேல்பக்கத்தைப் போலவே பல் உள்ள, பேரிங் வைத்த உருளையைச் சட்டத்தில் உறுதியாகப் பூட்டுங்கள். செயின் வெளியே தாவாதபடி சின்னக் காவல் தகடும் வையுங்கள். வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இன்னொரு தீர்வு, நடுவில் ஓர் அச்சு வைத்துச் செயினை இரண்டாக்குவது. முன்னிருந்து நடு அச்சுக்கு ஒன்று, அங்கிருந்து பின்சக்கரத்துக்கு ஒன்று. இரண்டும் குட்டையாக, நேராக இருக்கும். வெல்டிங் தெரிந்தவர் துணை இருந்தால் இதைவிடச் சுத்தமான அமைப்பு இல்லை.

நீளச் செயினில் ஒரு நன்மை உண்டு. முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் விலகியிருந்தாலும், 1.4 மீட்டர் தூரத்தில் அந்தச் சாய்வு 0.2 டிகிரிதான். நிமிர்ந்த சைக்கிளின் குட்டைச் செயினில் அதே விலகல் மூன்று மடங்குக்கு மேல் தெரியும். நடுவில் உருளை இருந்தால் மட்டும் அதையும் அதே கோட்டில் கொண்டுவர மெனக்கெட வேண்டும்.

ஐந்தாம் படி: செயின் நீளமும் இறுக்கமும்

பல ரிக்கம்பன்ட்களில் கிராங்க் பொருந்தியிருக்கும் முன்குழாய், அதாவது பூம், உள்ளேயும் வெளியேயும் நகரும். கால் நீளத்துக்கு ஏற்பச் சரிசெய்யவே அந்த ஏற்பாடு. ஃபிக்ஸ்டில் அதுவே செயினை இறுக்கும் கருவியாகவும் ஆகிறது. ஒரு குழாய்க்கு இரண்டு வேலை, அதில்தான் சிக்கல். செயினுக்குச் சரியான இடம் காலுக்குச் சரியாக இருக்க வேண்டுமே.

முதலில் காலுக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெடல் உங்களிடமிருந்து மிகத் தூரத்தில் இருக்கும்போது முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். ஃப்ரீவீல் வண்டியைவிட ஒரு நூல் கிட்டே வையுங்கள், ஏனென்றால் கால் அயர்ந்தாலும் பெடல் உங்கள் காலை முழுநீளத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தைப் பேனாவால் பூம் மீது குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு செயினை வெட்டுங்கள். செயினில் ஒரு முழு இணைப்பு 25.4 மில்லிமீட்டர், அதை எடுத்தால் பூம் 12.7 மில்லிமீட்டர் நகரும். ஆகவே முழு இணைப்புகளை மட்டும் வைத்தே உங்கள் குறியிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் வந்துவிடலாம். அரை இணைப்பு ஒன்று சேர்த்தால் 3 மில்லிமீட்டருக்குள். பின்சக்கரத்தை முன்பின் நகர்த்தக் கிடைமட்ட வெட்டு இருந்தால் மிச்சத்தை அங்கே சரிசெய்யலாம்.

இறுக்கம் எவ்வளவு? நிமிர்ந்த ஃபிக்ஸ்டில் செயின் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் வைப்பார்கள். இங்கே ஓட்டம் மூன்று மடங்கு நீளம் என்பதால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இயல்பு. எந்தப் பல்சக்கரமும் துல்லிய வட்டமாக இருக்காது. கிராங்க்கை மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் அளவைப் பாருங்கள். அங்கேயும் கொஞ்சம் ஆட வேண்டும். முறுக்கிய தந்திபோல இருந்தால் பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும்.

பூம் கிளாம்பை முழு அளவு இறுக்குங்கள். காலால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் செயின் பூமைப் பின்னே இழுக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் சரிந்தாலும் செயின் தொய்ந்துவிடும். கிளாம்ப் விளிம்பில் ஒரு கோடு போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் ஏறும் முன் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: பிரேக், பெடல், டயர்

முன்னும் பின்னும் இரண்டு முழுமையான பிரேக்குகள் வேண்டும். நிமிர்ந்த ஃபிக்ஸ்டில் சிலர் உடலை முன்னே சாய்த்துப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, காலை நிறுத்திச் சறுக்கி நிற்பார்கள். சாய்மானத்தில் படுத்திருப்பவர் உடலை முன்னே கொண்டுபோக வழியில்லை. வேகத்தை மெதுவாகக் குறைக்க மட்டும் காலை நம்புங்கள். அந்த வேலையில் சாய்வு சைக்கிள் கெட்டிதான்: பின்வாங்கி அழுத்தும்போது முதுகுக்குப் பின்னால் சுவர்போலச் சாய்மானம் இருக்கிறது, உடல் சீட்டிலிருந்து எழும்பாது.

கால் பெடலோடு பூட்டியிருக்க வேண்டும். உயரத்தில் இருக்கும் பெடலிலிருந்து கால் தானாகக் கீழே நழுவும். நழுவிய கால் தரையில் பட்டு வண்டிக்கு அடியில் இழுபடுவது மூன்று சக்கர வண்டிகளில் எலும்பு முறியும் அளவுக்கு ஆபத்தானது. ஃபிக்ஸ்டில் இன்னொன்றும் சேரும்: விட்ட பெடல் சும்மா நிற்காது, சுழன்று வந்து கெண்டைக்காலில் அடிக்கும். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் வைத்த ஷூவும் அதற்கேற்ற பெடலும் போடுங்கள், விடுவிக்கும் இறுக்கத்தைக் குறைவாக வையுங்கள். கிளீட்டைக் கொஞ்சம் குதிகால் பக்கம் தள்ளிவைத்தால் விரல்கள் மரத்துப்போவது குறையும். கால் உயரத்தில் இருப்பதால் வரும் மரப்பு அது. ஓடும்போது காலுக்கு ஓய்வே இல்லாத வண்டியில் சீக்கிரமே தலைகாட்டும்.

டயர் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். குழி வந்தால் எழுந்து தப்பிக்க முடியாது.

ஏழாம் படி: முதல் ஓட்டம்

ரிக்கம்பன்ட்டே புதிது என்றால் முதலில் ஃப்ரீவீலோடு சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கற்க வேண்டாம்.

காலியான, சமமான, அகலமான இடத்தில் தொடங்குங்கள். கிளம்புவதுதான் மிகக் கடினம், அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். வண்டியை வலப்புறமிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் உங்கள் வலக்கைப் பக்கம். நிமிர்ந்த சைக்கிளில் கிளம்ப வசதியான பெடல் நிலை கடிகாரத்தில் ஒன்று, இரண்டு மணி. சாய்வு சைக்கிளில் காலை முன்னோக்கி நீட்டுவதால் அந்த நிலை கால்வாசிச் சுற்று பின்னே போகும்: பத்து, பதினோரு மணி. பெடல் உங்களுக்கு மிகக் கிட்டே வந்து, மேலே ஏறத் தொடங்கியிருக்கும் இடம் அது. அங்கிருந்து அழுத்தினால் ஏறக்குறைய அரைச் சுற்று வலுவாகத் தள்ளலாம். அதற்குள் மறுகால் பெடலைப் பிடித்துவிட வேண்டும்.

ஏறும் முன் பின்சக்கரத்தைத் தூக்கிக் கிராங்க்கை அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். பிரேக்கை விட்டால் வண்டி நகரும், பெடலும் நகரும், நிலை தவறும். வலுவாக ஓர் அழுத்து, பார்வை தூரத்தில், தோள் தளர்வாக.

உட்கார்ந்த பிறகு நிலை தவறியது தெரிந்தால்? நிமிர்ந்த சைக்கிளில் பின்சக்கரத்தைச் சற்றுத் தூக்கிச் சரிசெய்வார்கள். இங்கே நீங்களே அதன்மேல் படுத்திருக்கிறீர்கள். வண்டியை உருட்டித்தான் திருத்த முடியும். 5 மீட்டர் கியரில் கால்வாசிச் சுற்றுக்கு 1.25 மீட்டர் உருட்ட வேண்டும். சிக்னலில் பின்னால் வண்டி நிற்கும்போது அது நடக்காது. எனவே நிற்கும்போதே சரியான நிலையில் நிற்கப் பழக வேண்டும். இந்தப் பழக்கம் கைவந்தால்தான் இந்த வண்டியைச் சாலைக்கு எடுத்துப் போகலாம்.

அதைப் பழகும் முறை: நடை வேகத்துக்குக் குறையுங்கள். இடக்கால் உங்களுக்கு மிகக் கிட்டே வரும்போது குதிகாலைத் திருப்பி விடுவியுங்கள். மிச்சமிருக்கும் சுற்றை வலக்காலே எடுத்துச் செல்லட்டும். வலப் பெடல் கிட்டே வந்து மேலேறத் தொடங்கும் கணத்தில் பிரேக்கை முழுதாகப் பிடித்து இடக்காலை ஊன்றுங்கள். முதல் நாள் பத்தில் இரண்டு சரியாக வரும். ஒரு வாரம் தினம் இருபது முறை செய்தால் கை தானாகச் செய்யும்.

அடுத்து, மெதுவான வளைவுகள். குதிகால் இடிக்கும் கோணத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஓட்டிக்கொண்டே அதற்குச் சற்று முன்னால்வரை மட்டும் திருப்பிப் பழகுங்கள். முழுதாகத் திரும்ப வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளுங்கள்.

பழக்கதோஷத்தில் கால் ஒருநாள் சும்மா நிற்கப் பார்க்கும். பெடல் முழங்காலை உங்கள் பக்கம் உதைக்கும், வண்டி ஆடும். அப்போது காலை விறைக்காமல் தளரவிடுங்கள். பெடலே காலைச் சுற்றிக்கொண்டு போகும்.

சாலையில்

எங்கே நிற்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் பாதி ஓட்டம். சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்து, காலால் வேகத்தைக் குறைத்து, நிற்காமலே பச்சை வரும்வரை நகர்ந்து வருவது இந்த வண்டிக்கு இயல்பாக வரும்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கால் திணறத் தொடங்கிய பிறகு குறைக்கப் போனால் பதற்றம்தான் மிஞ்சும். நீண்ட இறக்கத்தில் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். 20 அங்குலச் சக்கரத்தின் சின்ன ரிம் சீக்கிரம் சூடாகும். ஏற்றத்துக்கு நேர்மாறு: அடிவாரத்திலேயே வேகம் சேர்த்துக்கொண்டு ஏறுங்கள். சுற்று 40க்குக் கீழே இறங்கி, வண்டியும் ஆடத் தொடங்கினால் இறங்கித் தள்ளுங்கள். நடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாலும் நடக்காது.

பராமரிப்பு

செயின் நீளமாக இருப்பதால் ஒவ்வொரு இணைப்பும் பல்லைக் கடப்பது குறைவு. அதனால் மெதுவாகவே தேயும். ஆனால் தேய்மானம் வந்தால் மொத்தமாகப் பெரிதாகத் தெரியும். 3 மீட்டர் செயின் 0.5 சதவீதம் நீண்டால் 15 மில்லிமீட்டர், பூமை 7.5 மில்லிமீட்டர் வெளியே தள்ள வேண்டும். அதற்குள் கால் அளவு மாறிவிடும் என்பதால் அரை இணைப்பைக் கழற்றுவதா, செயினையே மாற்றுவதா என்று அப்போது முடிவு செய்யுங்கள். புதுச் செயினில் 12 முழு இணைப்புகள் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது 306.3 ஆனால் மாற்றிவிடலாம்.

லாக் ரிங், உருளைகளின் போல்ட், பூம் கோடு மூன்றையும் ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பாருங்கள். செயினைச் சுத்தம் செய்யும்போது சுழலும் செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் துணியையோ விரலையோ கொண்டுபோகாதீர்கள். ஃபிக்ஸ்டு சக்கரம் விரல் சிக்கினாலும் நிற்காது. சக்கரத்தின் வேகம் அதைத் தொடர்ந்து இழுக்கும். விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இருபக்க ஹப் போட்டிருந்தால் பையில் ஒரு ஸ்பேனரும், பூம் கிளாம்புக்கு ஏற்ற ஆலன் கீயும் எப்போதும் இருக்கட்டும். ஃப்ரீவீல் பக்கம் ஃபிக்ஸ்டைவிட இரண்டு பல் அதிகமாக வைத்தால் ஏற்றத்துக்கு ஆகும். சக்கரத்தைத் திருப்பும்போது அந்த இரண்டு பல்லுக்காக பூமை 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். அதற்கும் பூம் மீது இரண்டாவது கோடு ஒன்றை வீட்டிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எதிர்பாராத மலைப்பாதை வந்தாலோ, மூட்டு வலித்தாலோ, சாலையோரத்தில் ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு வீடு திரும்பலாம்.